கேட்காமல் தின்ற பருப்பு

சிங்கப்பூருக்குத் தனியாகப் போக வேண்டும் என்று நான் திட்டம் போட்டதே இல்லை. கூட வருவதாக இருந்த தோழி, கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று கழன்றுகொண்டாள். என் வீட்டுக்காரருக்கோ மதுரையிலிருந்து திருமங்கலம் போகவே இரண்டு நாள் யோசனை வேண்டும். "டிக்கெட்தான் எடுத்தாச்சே, நீ போயிட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். வீடு எங்கே ஓடிப்போகிறது என்று நான் கேட்கவில்லை. ஐம்பத்தாறு வயதில், காப்பீட்டு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு, எட்டு நாள் யாருக்கும் சமைக்காமல் இருக்கப் போகிறேன் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நான் வேகமாகச் சாப்பிடுகிறவள். அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: மேடம் டப்பா திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும் என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி முடித்து, அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்தில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டே பழக்கம். ருசி பார்ப்பது என்றால் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன ஓட்டலில் அறை எடுத்திருந்தேன். முதல் நாள் காலை, பக்கத்திலிருந்த சைவ உணவகத்தில் இட்லி சாப்பிட்டேன். இட்லியும் மதுரை, சாம்பாரும் மதுரை, தண்ணீர் டம்ளரை டங்கென்று வைத்துவிட்டுப் போன தம்பியும் அச்சு அசல் மதுரை. இதற்கா திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து வந்தோம் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஆறு நிமிடத்தில் எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் எங்கே போகிறோம் என்று தெரியாமலே ரயில் ஏறினேன். பூகிஸில் மாறி மேற்கே போகிற வண்டியைப் பிடித்தேன். சுரங்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள், மூங்கில் கழிகளில் காயும் துணிகள். குவீன்ஸ்டவுன் என்று அறிவிப்பு வந்ததும், ராணி பேரில் ஊர் வைத்திருக்கிறார்களே, இறங்கித்தான் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன். சுற்றுலாக்காரர்கள் யாரும் இறங்காத நிலையம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு வந்த அம்மாக்களும்தான் என்னோடு படி இறங்கினார்கள்.

பத்து நிமிட நடையில், பழைய அடுக்குமாடி ஒன்றின் கீழே காப்பிக்கடை இருந்தது. மேலே வீடுகள், கீழே நாலாபக்கமும் திறந்த கூடம், ஓரமாக ஆறேழு சாப்பாட்டுக் கடைகள். ஒன்றில் பாய் ஒருவர் பரோட்டா மாவை வீசிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பி, நெற்றி வழிய வேர்வை. என் சேலையைப் பார்த்ததுமே தமிழில் ஆரம்பித்தார்.

"வாங்கக்கா. என்ன வேணும்?"

"பரோட்டா. முட்டை போடாம."

"கோசோங் ரெண்டு, வெறும் பரோட்டா. கறி என்ன ஊத்த? மீனா, ஆடா, பருப்பா?"

"பருப்பு போதும்."

"உக்காருங்க லா, சுட்டுட்டுக் கூப்பிடறேன்." பேச்சின் கடைசியில் 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கமாம்.

காலி மேசைகளில் எல்லாம் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தது. இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே கதைதான். ஒரு சீனப் பெரியவர் தன் செய்தித்தாளை மடித்து எனக்கு இடம் விட்டார். அவர் முன்னால் அரைவேக்காட்டு முட்டை இரண்டும் ஒரு கோப்பை கறுப்புக் காப்பியும் இருந்தன. நான் பரோட்டாவை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பரோட்டா மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் ஆளைச் சாய்த்தது அந்தப் பருப்புதான். குழைந்த பருப்பில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, ஒரு துண்டு மாங்காய். மாங்காயின் புளிப்பும் பட்டையின் வாசமும் முதலில் வந்தன. அதற்கும் அடியில் இன்னொரு ருசி இருந்தது, கனமாக, நின்று நிதானமாக வருகிற ருசி. முதல் வாயிலேயே என் கை நின்றுவிட்டது. பிறகு நான் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தேன். துளித்துளியாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் நன்றாகத் தோய்த்து, தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து சாப்பிட்டேன். கிண்ணத்தை விரலால் வழித்துவிட்டு நிமிர்ந்தபோது சீனப் பெரியவர் இரண்டாவது காப்பியில் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சைவம், ஆனால் பிறப்பால் அல்ல. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிதான். என் தம்பிகளும் நானும் எலும்புக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். நான் விரும்பிக் கட்டிக்கொண்டவர் சுத்த சைவக் குடும்பம். கல்யாணப் பேச்சு இழுபறியாகக் கிடந்தபோது நானேதான் முந்திக்கொண்டு, "நான் விட்டுடறேன்" என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு தடவை, "கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். முப்பது வருஷம் ஆகிவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா எனக்கு மட்டும் தனியாக சாம்பார் வைத்துவிடுவார். எதிரே தம்பிகள் எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன். கஷ்டமா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மறுநாளும் குவீன்ஸ்டவுனுக்கே போனேன். அதற்கு மறுநாளும். தோழி எழுதிக் கொடுத்திருந்த பட்டியலில் தோட்டம், தீவு, ராட்டினம் என்று பதினோரு இடங்கள் இருந்தன. அந்தத் தாளைப் பையின் அடியில் போட்டதோடு சரி. காலை எட்டரைக்கு ரயில், ஒன்பதுக்குப் பரோட்டா, பத்து மணி வரை அந்த மேசை. பிறகு அடுக்குமாடிகளுக்கு நடுவே மரநிழலில் நடப்பேன். கால் வலித்தால் ஏதாவது பஸ்ஸில் ஏறி, அது எங்கே போகிறதோ அங்கே போய்த் திரும்புவேன். யாரும் என்னைத் தேடவில்லை, எதற்கும் நேரமாகவில்லை. இப்படியும் ஒரு மனுஷி பொழுது போக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

பாயோடும் பேச்சுப் பழகிவிட்டது. தாத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். "நான் இங்கயே பொறந்து வளந்தவன்க்கா. நாகூரை ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன். அங்க போனா என்னை சிங்கப்பூராருன்றாங்க, இங்க வர்றவங்க எந்த ஊருன்னு கேக்கறாங்க" என்று சிரித்தார். கறிகளை எல்லாம் விடியுமுன் எழுந்து அவரே சமைக்கிறார். "மாவைக்கூட ஆள் வச்சுப் பெசஞ்சுக்கலாம். சட்டியை மட்டும் அடுத்தவன் கையில குடுக்க மாட்டேன்" என்றார்.

வீட்டுக்காரர் தினமும் தொலைபேசியில் கூப்பிடுவார். "என்ன சாப்பிட்ட?"

"பரோட்டா, பருப்பு."

"வெளிநாடு போயும் பருப்புதானா? நல்லாப் போன போ."

எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். ஓட்டலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோயில். தினமும் சாயங்காலம் பூக்கடைகளைத் தாண்டி அந்த வாசலைக் கடந்துதான் வருவேன். உள்ளே நாகஸ்வரம் கேட்கும். குவீன்ஸ்டவுன் போய்வந்த முதல் நாள் கூட்டமாக இருக்கிறது என்று போகவில்லை. அடுத்த நாள் செருப்பு வார் அறுகிற மாதிரி இருக்கிறது என்று போகவில்லை. வெள்ளிக்கிழமை அன்று கால் வலி. காத்தோங்கில் சிலோன் சாலையில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது, ஒரு நாள் சாவகாசமாக அங்கே போய்க்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எத்தனை விதமான சாக்குகள்! அலுவலகத்தில் விடுப்புக்குக்கூட நான் இத்தனை சாக்கு சொன்னதில்லை.

ஐந்தாவது நாள் நன்றாகத் தூங்கிவிட்டேன். கடைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று. வழக்கமான கூட்டம் கலைந்திருந்தது. பாய் பெரிய சட்டியைச் சாய்த்து, அடியிலிருந்து வழித்து, என் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். பருப்புக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஓர் எலும்பு கிடந்தது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிப் போனேன்.

"பாய், இது என்னது?"

"எலும்புக்கா. அடிச்சட்டில்ல, வந்திருச்சு. வேணாம்னா எடுத்துடறேன்."

"பருப்புல எப்படி?"

"தால்ச்சாக்கா இது. ஆட்டெலும்பு போடாம தால்ச்சா ஏது?" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அக்கா... நீங்க சைவமா?"

"ஆமா" என்றேன். முப்பது வருஷமாக விருந்து வீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில், நான் யோசிக்குமுன் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். "யா அல்லா. நான் கேட்டிருக்கணும். சைவக்காரங்க எல்லாம் வந்ததுமே சொல்லிருவாங்க, அவங்களுக்கு சீனி வச்சுக் குடுப்பேன். நீங்க பருப்புன்னு சொன்னதும் தெரிஞ்சுதான் கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன். நாலு நாளா... மன்னிச்சிருங்கக்கா."

தப்பு அவருடையது அல்ல. பருப்பு என்றால் சாம்பார் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டது நான்தான். மதுரைக்காரி எவளாவது பருப்பில் எலும்பு இருக்கிறதா என்று விசாரித்துச் சாப்பிட்டிருக்கிறாளா? "பரவால்ல பாய், விடுங்க, தெரியாம நடந்ததுதானே" என்று சொல்லிவிட்டு, அந்தக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு பஸ் பிடித்து காத்தோங் போனேன். சிலோன் சாலையில் கோயில் கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம், நடைபாதையில் நின்றேன். உள்ளே போகவில்லை. கறி தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் அம்மா வீட்டுப் பாடம். ஞாயிற்றுக்கிழமை எங்களில் யாரும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்று சரி, இன்று எலும்பைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நேற்றும் முந்தாநாளும் ஏன் போகவில்லை? கூட்டமும் செருப்பும் கால் வலியும் யாரை ஏமாற்ற?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு நாலு நாளாகக் குறுகுறுத்திருக்கிறது, நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வயது வரை எலும்புக்குச் சண்டை போட்ட நாக்கு இது. அந்த அடி ருசி என்ன என்று அதற்குத் தெரியாமலா போயிருக்கும்? முதல் வாயிலேயே கை நின்றதே, அது எதற்காக நின்றது? "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தால் மறுநாள் போக முடியாது. அதனால் கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதை.

இது என்னோடு போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். பிள்ளையாரிடமும் மனசுக்குள் அப்படித்தான் பேரம் பேசிப் பார்த்தேன். ஆனால் "மன்னிச்சிருங்கக்கா" என்ற அந்தக் குரல் போகவே இல்லை. சட்டியை அடுத்தவர் கையில் கொடுக்காத மனிதர். ஒரு சைவக்காரிக்குத் தெரியாமல் இறைச்சி கொடுத்துவிட்டோம் என்று தலையில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். நானோ பெரிய மனசு பண்ணி "பரவால்ல பாய்" என்று மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன். யாரை யார் மன்னிப்பது? நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதைச் சொல்வது, முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை வாய்விட்டுச் சொல்வதாகும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். என்னைக் கண்டதும் பாய் முகமெல்லாம் பிரகாசம். "வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். உக்காருங்க, உக்காருங்க" என்று, வழக்கமில்லாத வழக்கமாக அவரே தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சீனப் பெரியவர்கூட எட்டிப் பார்த்தார். இரண்டு பரோட்டா, ஒரு கிண்ணம் பருப்பு.

"புதுச் சட்டிக்கா. நேத்தே போயி வாங்கிட்டு வந்தேன். கறி பட்டதே இல்ல. கரண்டியும் புதுசு. வேற அடுப்புல வச்சு, ஒங்களுக்குன்னு தனியா ஆக்கினது."

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தேன். நல்ல பருப்புதான். கத்தரிக்காய் வெந்திருந்தது, மாங்காய் இருந்தது, உப்பு சரியாக இருந்தது. என் வீட்டுப் பருப்பு மாதிரியே இருந்தது.

"எப்படிக்கா?"

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் தின்று முடித்திருக்கலாம். நாளைக்கு மறுநாள் விமானம். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நல்ல பெயர். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அப்போது அவர் தணிந்த குரலில், "நேத்து தொழுகையிலயும் அதே நெனப்புதான். ஒருத்தங்க இத்தனை வருஷம் காப்பாத்தினதை என் கையால கெடுத்துட்டேனேன்னு" என்றார்.

"பாய், நீங்க கெடுக்கல" என்றேன். "எனக்கு மொத நாளே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அதுல எலும்பு இருக்குன்னு. கண்ணால பாக்கல. ஆனா தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல தின்னுக்கிட்டுதான் இருந்தேன். அந்த ருசிக்காகத்தான் தினமும் ரயிலேறி வந்தேன். கேட்டா விட வேண்டி வரும்னு கேக்காம இருந்துட்டேன்."

அவர் முகம் சிவந்தது.

"அப்ப நேத்து ஏன் சைவம்னு சொன்னீங்க? ஒரு நாள் பூரா நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?"

"வாய்ப் பழக்கம் பாய். தப்புதான். நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள், அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் தீராத குரலிலேயே, "சரி, இப்ப ஒங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க" என்றார்.

சாதாரணக் கேள்விதான். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. அன்றைக்குத்தான் அது என் காதில் சரியாக விழுந்தது. கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இதை முழுசா சாப்பிடறேன் பாய். எனக்காக ஆக்கினது. அப்புறம் அந்தப் பெரிய சட்டியில இருந்து ஒரு கிண்ணம் வேணும். அடியில இருந்து. எலும்போட."

"தெரிஞ்சு கேக்கறீங்க."

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"பின்னால என்மேல பழி போடக் கூடாது லா" என்று சொல்லும்போது அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுச் சட்டிப் பருப்பை மிச்சம் வைக்காமல் தின்றேன். பிறகு அவர் கொண்டுவந்து வைத்த கிண்ணத்தில் இரண்டு எலும்புகள் இருந்தன. ஒன்றை எடுத்து, தட்டில் தட்டி, மஜ்ஜையை உறிஞ்சினேன். நாகரிகமான சத்தம் அல்ல அது. சீனப் பெரியவர் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் முட்டைக்குத் திரும்பினார். விரல்கள் எல்லாம் பிசுபிசுத்தன. சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே நெஞ்சில் ஒன்று குத்தியது. என் மாமியாரை நினைத்துப் பார்த்தேன், என் அம்மாவை, வீட்டில் காத்திருக்கும் என் மனுஷரை. ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். இந்த முப்பது வருஷத்தில் ஒருவர்கூட என்னைக் கறி தின்ன வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று நான் சொன்னதுதான் இல்லை.